கல்லூரி அணிக்கு வழி: ரெக்ரூட்டிங் சேவைக்குப் பணம் கட்டலாமா?

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை நீச்சலிலோ கால்பந்திலோ டென்னிஸிலோ சற்றுப் பெயரெடுத்ததும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். பெரும்பாலும் பிள்ளையே ஏதோ ஓர் இணையதளத்தில் இலவசப் பக்கம் தொடங்கித் தன் விவரங்களைத் தந்திருக்கும். அழைப்பவர் தன்னை ஸ்கவுட், அதாவது திறமையான வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர், என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். பிள்ளையின் திறமையை இலவசமாக மதிப்பிட்டுத் தருவதாகச் சொல்வார். தாயும் தந்தையும் சேர்ந்தே அழைப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பார். பேச்சு முடியும் தறுவாயில் கட்டணத் திட்டங்கள் வரும். சில நூறு டாலரில் தொடங்கிச் சில ஆயிரம் டாலர் வரை அவை போகும். பிள்ளை அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.

நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த முடிவு இன்னும் கடினமானது. நாம் வளர்ந்த முறை வேறு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு மதிப்பெண் உண்டு, கட்-ஆஃப் உண்டு, தரவரிசை உண்டு, கலந்தாய்வு உண்டு. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படியொரு பொதுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். தன் அணிக்கு அடுத்த ஆண்டு யார் தேவை என்பதை அவரே முடிவு செய்கிறார். அவர் மனத்தில் பிள்ளைக்கு எந்த இடம் என்பது வெளியே தெரியாது. அந்த இருட்டில்தான், கல்லூரி அணியில் இடம் பெற உதவுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ரெக்ரூட்டிங் சேவைகள் தங்கள் கடையை விரிக்கின்றன.

இந்தச் சேவைகள் மோசடி என்று நான் சொல்லவில்லை. பல நிறுவனங்கள் சொன்ன வேலையைச் செய்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது பிள்ளையின் தரம் பற்றிய நேர்மையான பதில். அந்தப் பதிலைச் சொல்ல மிகவும் தகுதி குறைந்தவர், பதில் நம்பிக்கை ஊட்டினால் மட்டுமே கட்டணம் பெறக்கூடியவர். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கு விடை காண்பது எளிதாகும்.

இது எவ்வளவு பெரிய வணிகம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இத்துறையில் நன்கு அறியப்பட்ட என்சிஎஸ்ஏ என்ற நிறுவனம் 2000-ஆம் ஆண்டு சிகாகோவில் தொடங்கப்பட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கிறிஸ் கிராஸ் அதைத் தொடங்கினார். பின்னர் அது ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியோடு ஒரே குடையின் கீழ் வந்தது. 2023-இல் அந்த அகாடமி, என்சிஎஸ்ஏ-வையும் சேர்த்து, 125 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கைமாறியது. ஃபீல்டு லெவல், ஸ்போர்ட்ஸ்ரெக்ரூட்ஸ், கேப்டன்-யு என வேறு தளங்களும் உண்டு. ஒன்றிரண்டு மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக ஆலோசனை தரும் முன்னாள் பயிற்சியாளர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும் விற்கும் பொருள் ஒன்றல்ல. சிலர் தரவுத்தளத்தில் ஒரு பக்கம் தருகிறார்கள். சிலர் வீடியோ வெட்டித் தருகிறார்கள். சிலர் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் தருகிறார்கள். சிலர் மாதத்துக்கு ஒருமுறை பேசி வழிகாட்டுகிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்போர் எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் மேல். இரண்டு விளையாட்டுகளில் ஆடும் மாணவர் அந்தக் கணக்கில் இருமுறை வருவார் என்றாலும், எண்ணிக்கை பெரிதுதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் முதன்மை அமைப்பான என்சிஏஏ-வின் அணிகளில் ஆடுபவர்கள் 5 லட்சத்துக்கும் சற்று மேல். பள்ளி வீரர்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கே கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது என்று என்சிஏஏ-வே சொல்கிறது.

என்சிஏஏ-வில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளில் உள்ளன. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதல் பிரிவு; அதில் சுமார் 360 கல்லூரிகள். இரண்டாம் பிரிவில் சுமார் 300. எண்ணிக்கையில் பெரியது மூன்றாம் பிரிவு. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உள்ளன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் முதல் பிரிவில் ஆடினாலும் அவையும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே அங்கு உண்டு. என்சிஏஏ-வுக்கு வெளியே என்ஏஐஏ என்ற சங்கத்தில் 200-க்கும் மேற்பட்ட சிறு கல்லூரிகளும், இரண்டாண்டு படிப்புக் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏ-வில் சுமார் 500 கல்லூரிகளும் உள்ளன. இவற்றில் உதவித்தொகை தருபவை நிறைய. பெற்றோர் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

முழு உதவித்தொகை என்ற கனவையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அண்மைக்காலம் வரை முதல் பிரிவில் ஒரு பேஸ்பால் அணி முழுவதற்கும் 11.7 உதவித்தொகைதான் அனுமதி. ஆண்கள் டென்னிஸ் அணிக்கு 4.5. பயிற்சியாளர் அதைக் கால், அரை என்று பங்கிட்டுக் கொடுத்தார். இணையதளத்தில் 'உதவித்தொகையுடன் சேர்ந்தார்' என்று போட்டிருந்தால் அது கல்விக் கட்டணத்தில் கால் பங்காகவும் இருக்கலாம், பாடப் புத்தகச் செலவாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த விதிகளே மாறிவிட்டன. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். அதன்படி அந்த ஆண்டு ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கைக்கான வரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. பேஸ்பாலுக்கு 34 பேர், டென்னிஸுக்கு 10 பேர், ஆண்கள் நீச்சலுக்கு 30 பேர். முன்பு உதவித்தொகை இல்லாமலேனும் அணியோடு சேர்ந்து பயிற்சி பெற்று மெல்ல மேலே வந்த மாணவர்களுக்கான இருக்கைகளே இப்படி எண்ணப்பட்டு மூடப்பட்டன.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. 2018 அக்டோபரில் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தங்கள் பெயரைப் பதிந்து மாறலாம். 2024 முதல், படிப்பில் தகுதியோடு இருந்தால், எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஒரு பயிற்சியாளரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 17 வயதுப் பள்ளி மாணவரின் வீடியோவும், கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடித் தன்னை நிரூபித்த 21 வயது வீரரின் பெயரும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தால் எதை எடுப்பார்? ஆகவே ஒரு சேவை நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முந்தைய வெற்றிக் கதைகளைக் காட்டினால், அவை வேறொரு சந்தையில் நடந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சியாளர் எதை நம்புகிறார்

எந்தச் சேவையும் விற்பது பயிற்சியாளரின் கண்ணில் படும் வாய்ப்பை. ஆனால் கண்ணில் படுவதும் நம்பப்படுவதும் ஒன்றல்ல. ஒரு பயிற்சியாளர் நம்புவது மூன்றை. முதலாவது, யாரும் பேசித் திருத்த முடியாத அளவு. இரண்டாவது, பிள்ளை பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப்பில், தனக்குப் பழக்கமான பயிற்சியாளரின் வாய்மொழி. மூன்றாவது, தானே நேரில் பார்த்த ஆட்டம். இவற்றில் எது உங்கள் பிள்ளையின் விளையாட்டில் முக்கியம் என்பதைப் பொறுத்தே சேவையின் பயன் மாறுகிறது.

நீச்சல், தடகளம் போன்றவற்றில் கடிகாரமும் அளவு நாடாவும் பேசுகின்றன. டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கர், 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டி இந்தியாவின் உயரம் தாண்டுதல் சாதனையை முறியடித்தார். அப்போது அவருக்கு 17 வயது. அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018-இலும் 2022-இலும் என்சிஏஏ பட்டம் வென்றார். 2.26 மீட்டர் என்பதை எந்த நாட்டுப் பயிற்சியாளரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். அதற்கு அலங்காரமான பக்கமோ பின்னணி இசையோடு கூடிய வீடியோவோ தேவையில்லை. டென்னிஸில் யுடிஆர் என்ற தர எண் அந்த வேலையைச் செய்கிறது. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 என இரண்டு முறை என்சிஏஏ ஒற்றையர் பட்டம் பெற்றதையும் பலர் அறிவார்கள். இந்த வகை விளையாட்டுகளில் சேவைக்குக் கட்டும் பணம் பிள்ளையின் எண்ணைக் கூட்டாது. அந்த எண் இருக்கும் இடத்தைப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

கால்பந்து, வாலிபால், லாக்ரோஸ், பேஸ்பால் ஆகியவற்றில் கதை வேறு. அங்கே ஒற்றை எண் கிடையாது. யாருடைய எதிரில் ஆடினார், நெருக்கடியில் என்ன முடிவெடுத்தார், பந்து இல்லாதபோது எங்கே நின்றார் என்பவை முக்கியம். அதனால் எந்த கிளப்பில் ஆடுகிறார், கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்க வரும் எந்த ஷோகேஸ் போட்டிகளுக்குப் போகிறார், அந்த கிளப் பயிற்சியாளர் எத்தனை கல்லூரிகளுக்கு உரிமையோடு தொலைபேசியில் பேசக்கூடியவர் என்பவைதான் கதவைத் திறக்கின்றன. நல்ல கிளப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டணத்திலேயே பாதி ரெக்ரூட்டிங் உதவி அடங்கியிருக்கும். அதைக் கேட்டுப் பெறாமல் வெளியே பணம் கட்டும் குடும்பங்கள் நிறைய.

பேட்மின்டனும் கிரிக்கெட்டும் நம் வீடுகளில் அதிகம் ஆடப்படுபவை. இரண்டுமே என்சிஏஏ நடத்தும் போட்டிகளில் இல்லை. ஸ்குவாஷும் என்சிஏஏ-வில் சேராதது. அதற்குத் தனிச் சங்கம் உண்டு. ஆனால் ஐவி லீக் கல்லூரிகள் ஸ்குவாஷை மிகவும் மதிக்கின்றன. தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். பிள்ளையின் விளையாட்டு எந்தச் சங்கத்தின் கீழ் வருகிறது என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது அடிப்படையான வேலை.

மௌனத்தின் பொருள்

பெற்றோரைச் சேவைகளிடம் தள்ளுவது பெரும்பாலும் பயிற்சியாளர்களின் மௌனம்தான். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருபது கல்லூரிகளுக்கு எழுதுகிறாள். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. ஆர்வம் இல்லை போலிருக்கிறது, தெரிந்தவர் மூலம் போக வேண்டும் போலிருக்கிறது என்று வீட்டில் பேச்சு எழுகிறது. உண்மை என்னவென்றால், முதல் பிரிவின் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை பயிற்சியாளர் மாணவருக்குத் தனிப்பட்ட பதில் எழுத விதி அனுமதிப்பதில்லை. அதற்கு முன் அவர் அனுப்பக்கூடியது கேள்விப் படிவம், பயிற்சி முகாம் அறிவிப்பு போன்ற பொதுவானவை மட்டுமே. மாணவர் எழுதலாம், அவர் படிக்கலாம், பதில் சொல்லக் கூடாது. ஆயிரக்கணக்கான டாலர் கட்டினாலும் அந்தத் தேதி முன்னே வராது. மூன்றாம் பிரிவில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கிருந்து முன்னதாகவே பதில் வரலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஒரு கல்லூரியின் பெயரோடு முகாமுக்கு அழைப்பு வந்தால் வீடே மகிழ்கிறது. அந்த அழைப்புகள் பெரும்பாலும் மொத்தமாக அனுப்பப்படுபவை. முகாம் அணிக்கு வருமானம் தரும் ஒரு வழியும்கூட. சேவைத் தளத்தில் 'உங்கள் பக்கத்தை ஒரு பயிற்சியாளர் பார்த்தார்' என்று வரும் செய்தியும் இத்தகையதே. பார்த்தவர் எத்தனை நொடி பார்த்தார், வேறு எத்தனை பக்கங்களைப் பார்த்தார் என்பதை அது சொல்லாது. பயிற்சியாளர் தன் கைப்பேசியிலிருந்து பிள்ளையை அழைத்தால், மதிப்பெண் பட்டியல் கேட்டால், கிளப் பயிற்சியாளரிடம் விசாரித்தால், அதுதான் ஆர்வம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மதிப்பீடு

தொலைபேசியில் இலவசமாகக் கிடைப்பதாகச் சொல்லப்படும் மதிப்பீட்டை ஒரு வார இறுதியில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து செய்துவிட முடியும். எந்தப் பெற்றோரும் பணம் கட்டுவதற்கு முன் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

ஒவ்வொரு கல்லூரி அணியின் இணையதளத்திலும் வீரர் பட்டியல் உண்டு. உயரம், ஊர், பள்ளி, முன்பு ஆடிய கிளப் எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் பள்ளி நாட்களில் என்ன நேரம், என்ன தர எண், எந்த அணி என்று தேடிப் பார்க்கலாம். நீச்சல் என்றால் அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸின் (தமக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) இறுதிப் போட்டி முடிவுகளை எடுத்து, புள்ளி பெறும் கடைசி இடத்தில் வந்தவரின் நேரத்தையும் பிள்ளையின் நேரத்தையும் ஒப்பிடலாம். கல்லூரிப் போட்டிகள் 25 கஜக் குளத்தில் நடப்பதால், மீட்டர் குளத்து நேரத்தை மாற்றிக் கணக்கிட்ட பிறகே ஒப்பிட வேண்டும். இந்தியாவில் நீந்தும் பிள்ளைகளின் குடும்பங்கள் இதைத் தவறவிடுவதுண்டு. டென்னிஸ் என்றால் அந்த அணியின் ஆறாவது ஆட்டக்காரரின் யுடிஆர் எண்ணைப் பாருங்கள். முதல் ஆட்டக்காரரைப் பார்த்து மயங்க வேண்டாம். அணி விளையாட்டு என்றால் பிள்ளை ஆடும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் எந்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள், கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்தவர்கள் பள்ளியிலிருந்து வந்தார்களா அல்லது வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். பத்துக் கல்லூரிகளுக்கு இதைச் செய்து முடித்தால் பிள்ளை எந்தப் பிரிவில் நிற்கிறது என்பது ஏறக்குறையத் தெளிவாகிவிடும்.

அதன் பிறகு ஒருவரிடம் கேட்க வேண்டும். உங்களிடமிருந்து எந்தக் கூடுதல் வருமானமும் எதிர்பார்க்காத ஒருவராக அவர் இருக்க வேண்டும். எதிர் அணியின் பயிற்சியாளராக இருக்கலாம், பள்ளியின் பழைய வீரராக இருக்கலாம், கல்லூரியில் ஆடி முடித்த ஊர்ப் பெண்ணாக இருக்கலாம். 'இவள் முதல் பிரிவுக்குப் போவாளா' என்று கேட்காமல், 'இன்று இவள் எந்தக் கல்லூரி அணியில் இறங்கி ஆட முடியும்' என்று கேளுங்கள். கேள்வி குறுகினால் பதிலும் நேர்மையாக வரும். பிள்ளை அந்தப் பதிலை நேரில் கேட்கட்டும். பதினைந்து வயதில் உண்மையைக் கேட்டால் மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன. பதினெட்டில் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை.

இந்த மதிப்பீட்டில் பிள்ளை மூன்றாம் பிரிவில் நிற்பதாகத் தெரிந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், கால்டெக், சிகாகோ பல்கலைக்கழகம் ஆகியவை மூன்றாம் பிரிவில் ஆடுபவை. இத்தகைய கல்லூரிகளில் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் மாணவரின் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்திடம் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். அந்த அலுவலகம் சாதகமாகச் சொல்லி, பயிற்சியாளரும் ஆதரவு தந்தால், சேர்க்கையில் அதற்கு உள்ள மதிப்பு சாதாரணமானதல்ல. படிப்பில் வலுவான நம் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் பொருத்தமான வழி இதுதான் என்பது என் கருத்து. பணம் விளையாட்டிலிருந்து வராவிட்டாலும் குடும்ப வருமானத்துக்கு ஏற்ற உதவியாகவோ, பல கல்லூரிகளில் படிப்புக்கான உதவித்தொகையாகவோ வரலாம்.

எப்போது பணம் கட்டலாம்

சேவை பயன்படும் இடங்கள் இருக்கின்றன. மூன்றாம் பிரிவு, என்ஏஐஏ, இரண்டாண்டுக் கல்லூரி ஆகியவற்றின் பயிற்சியாளர்களுக்குப் பயணச் செலவுக்கான பணம் குறைவு, உதவியாளரும் குறைவு. அவர்கள் தரவுத்தளத்தில் பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் என்று வடிகட்டித் தேடுகிறார்கள். பெரிய நகரங்களுக்குத் தொலைவில் வாழும் குடும்பம், வலுவான கிளப் இல்லாத ஊர், தாமதமாக விளையாட்டுக்கு வந்து பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று உயர்ந்த பிள்ளை, இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் ஆகியோருக்கு ஒழுங்காக வேலையை நடத்திச் செல்லும் ஒருவருக்குக் கொடுக்கும் நியாயமான கட்டணம் வீணல்ல. ஆனால் பெரும்பாலான தளங்களில் இலவசப் பக்கமே தேடலில் தெரியும். கட்டணம் கட்டினால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாகப் போக நினைக்கும் மாணவர்களுக்கு உதவியின் தேவை இன்னும் கூடுதல். முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரி வேண்டும்; இரண்டாம் பிரிவுக்கு 2.2. நம் மேல்நிலை மதிப்பெண் பட்டியல் அங்கே எப்படிக் கணக்கிடப்படும் என்பதை என்சிஏஏ-வின் தகுதி மையம் முடிவு செய்யும். பள்ளி முடிந்ததும் ஓராண்டு அகாடமியில் பயிற்சி பெறலாம் என்று தங்கிவிட்டால், குறிப்பாக டென்னிஸில், ஆடக்கூடிய காலமே குறைந்துபோகலாம். இந்த நுட்பங்களை அறிந்த ஒருவர் தேவைதான். முதல் பிரிவு ஆண்கள் டென்னிஸில் ஆடுபவர்களில் பாதிக்கும் மேல் வெளிநாட்டினர் என்பதால், டென்னிஸ் பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பிய பயிற்சியாளர்களும் மூத்த வீரர்களும் சென்னையிலேயே இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

எந்தச் சேவையாலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது: பிள்ளையின் குரலில் எழுதுவது. பயிற்சியாளர்கள் மொத்தமாக வரும் மின்னஞ்சல்களை எளிதில் அடையாளம் காண்கிறார்கள். தலைப்பில் பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், முக்கியமான ஓர் எண், உள்ளே நான்கைந்து வரிகள், அந்தக் கல்லூரியை ஏன் கேட்கிறேன் என்பதற்கு உண்மையான ஒரு காரணம், வீடியோ இணைப்பு, அடுத்து ஆடப்போகும் போட்டிகளின் தேதிகள், கிளப் பயிற்சியாளரின் தொலைபேசி எண். இதைப் பிள்ளையே எழுத வேண்டும். தொலைபேசி வந்தால் பிள்ளையே பேச வேண்டும். தந்தை எழுதும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயிற்சியாளருக்கு அது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு அணியின் தளத்திலும் இருக்கும் கேள்விப் படிவத்தை நிரப்புவதும் இலவசம். முப்பது கடிதங்கள் எழுதும் பொறுமை பிள்ளைக்கு இல்லையென்றால், அணியில் தினமும் விடியற்காலையில் எழுந்து நான்கு ஆண்டுகள் ஆடும் விருப்பம் உண்மையிலேயே இருக்கிறதா என்று உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

சேவை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் சில விதிகளைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். ஒரு மாணவரின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப நிலையான கட்டணம் வாங்கலாம்; ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தால் இவ்வளவு, கிடைக்கும் உதவித்தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணத்தை இணைத்தால் அது என்சிஏஏ விதிக்கு முரண்; பிள்ளையின் ஆடும் தகுதிக்கே ஆபத்து. கிடைத்தால் மட்டும் கொடுங்கள் என்பது பெற்றோருக்கு நியாயமாகத் தோன்றும் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். உதவித்தொகை உறுதி, இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும் என்ற பேச்சை மோசடியின் அடையாளமாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் எச்சரித்து வருகிறது. யாராலும் அப்படி உறுதி தர முடியாது. அணியின் இடத்தைத் தருபவர் பயிற்சியாளர் ஒருவரே.

பயிற்சியாளரையே விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதை 2019 மார்ச்சில் அமெரிக்கா முழுவதும் பார்த்தது. சேர்க்கை ஆலோசகர் ரிக் சிங்கர், ஆடாத பிள்ளைகளை ஆட்டக்காரர்களாகக் காட்டிப் போலி விவரங்களும் படங்களும் தயாரித்து, பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து இடம் பெற்றுத் தந்தார். 50-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். தங்களுக்குப் பயிற்சியாளரோடு தனி உறவு உண்டு என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை எளியவை. நம் பிள்ளையின் விளையாட்டில், நம் மாநிலத்தில், இதே தரத்தில் கடந்த ஆண்டு நீங்கள் கையாண்டவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? கட்டணம் கட்டியும் எங்கும் சேராதவர்கள் எத்தனை பேர்? எங்களோடு பேசப்போகும் ஆலோசகர் யார், அவர் கையில் எத்தனை மாணவர்கள்? அவர் அந்த விளையாட்டைக் கல்லூரியில் ஆடியவரா? வெற்றி விழுக்காடு சொல்லப்பட்டால், எப்படியும் சேர்ந்திருக்கக்கூடிய வலுவான வீரர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாயிரம் டாலர் கேட்கப்பட்டால், அதே பணத்தில் சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு முகாம்கள், நல்லதொரு ஹைலைட் வீடியோ, நான்கைந்து கல்லூரிகளை நேரில் பார்த்துவரும் பயணம் எல்லாம் முடியுமா என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். என் கணிப்பில், நேரமும் கிளப் ஆதரவும் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டாவது செலவே அதிகப் பயன் தரும்.

முதல் அழைப்பிலேயே கையெழுத்திடாதீர்கள். இன்று மட்டும் இந்த விலை என்று சொல்லப்பட்டாலும் ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்; தவணை முறை, தானாகப் புதுப்பிக்கும் விதி, பிள்ளை காயமடைந்தாலோ விளையாட்டை விட்டாலோ என்ன ஆகும் என்பவற்றைப் படியுங்கள். வாங்கியதை மூன்று நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற மத்திய விதி ஒன்று உண்டு என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது வீட்டுக்கு வந்தோ ஹோட்டல் அறை போன்ற தற்காலிக இடத்திலோ நடக்கும் விற்பனைக்கானது. முழுவதும் தொலைபேசியிலோ இணையத்திலோ முடிந்த விற்பனைக்குப் பொருந்தாது. சில மாநிலங்களில் தனிச் சட்டங்கள் இருக்கலாம் என்பதால் உங்கள் மாநிலத்தின் நுகர்வோர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ரத்து செய்யும் உரிமை, அதற்கான நாள் கணக்கு, திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய மூன்றும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் நிறுவனத்துக்குக் கடன் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டாம்.